எட்டாம் மாடிக்கு இருபது தெத்ரி

செவ்வாய்தோறும் சாக்கில் வந்து இறங்கும் காசு.
திபிலீசியின் வடக்கு ஓரம்,
நாற்பத்தொரு அடுக்குமாடிகள்,
லிஃப்டுக்கு ஓர் உண்டியல்.
இருபது தெத்ரி விழுந்தால்தான் கதவு மூடும்.

எண்ணுகிறவள் நான்.
வெங்காய வாசனையடிக்கும் காசு, பிசுபிசுத்த காசு,
இடையிடையே துருக்கி நாணயம்,
ஒருமுறை சட்டைப் பித்தான்.
பித்தானுக்கும் யாரோ மேலே போயிருக்கிறார்கள்.

பிப்ரவரியில் பத்ரி வந்தான்.
ஏழாம் எண் கட்டடத்தின் எஃகு வடத்தை
பழந்துணியால் பற்றி, மேலிருந்து கீழ்வரை
உருவிப் பார்த்தானாம்.
அறுந்த இழைகள் அந்தத் துணியைப்
பூனை பிறாண்டியதுபோல் கிழித்திருந்தன.
பேசாமல் அதை என் மேஜையில் வைத்தான்,
ரசீது வைப்பதுபோல.

புது வடம்: நாலாயிரத்து எண்ணூறு லாரி.
பட்டியலில் ஏற்றினேன்.

இயக்குநர் வாக்தாங்
கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எளிது.
என் தம்பியின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்.
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"ஏப்ரலில் அறிக்கை அச்சாகிறது, நானுலி.
வடம் யார் கண்ணுக்குத் தெரியும்?
பூங்கா தெரியும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க
ஒரு கவளம் சோறாவது வேண்டும்.
எனக்கு வேண்டியிருந்தது
ஒரு விரலின் ஒரு சொடுக்கு.
'பராமரிப்பு' என்ற வரியிலிருந்து
'சமூகப் பொறுப்பு' என்ற வரிக்கு
வடம் இடம்பெயர்ந்தது.
அங்கே அது ஆறு பெஞ்சானது,
பச்சை பெயின்ட் ஆனது,
ஒரு சீசா, ஒரு பித்தளைப் பலகை.
பலகையில் எங்கள் பெயர்.
கூட்டல் சரியாக வந்தது.
எப்போதும் சரியாகத்தான் வரும்.

பத்ரி கையெழுத்துப் போடவில்லை.
ஏழாம் எண்ணின் கதவை ஒயரால் கட்டி
அட்டையில் எழுதி மாட்டினான்:
'ஏறாதீர்கள்.'
கீழே தன் கைபேசி எண்.

பாராட்ட யாரும் கூப்பிடவில்லை.
குழந்தை வண்டியோடு நிற்பவள் கூப்பிட்டாள்,
சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகிறவர் கூப்பிட்டார்.
எட்டாம் மாடி லமாரா,
இடுப்பில் இரும்புத் தகடு வைத்திருப்பவள்,
நடு ராத்திரியில் கூப்பிட்டு
அவன் வம்சத்தையே திட்டித் தீர்த்தாள்.
பதினோரு நாள்
அவர்கள் மூட்டைகளை அவன்தான் சுமந்தான்.
பன்னிரண்டாம் நாள் அவன் வேலையில் இல்லை.

புதியவனுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது,
அதில் முக்கால் மணி பேனா தேட.

ஏழாம் எண்ணிலிருந்து மறுபடி காசு வந்தது.
குறையாமல்.
அட்டையைப் படித்தவர்கள்தாம் எல்லோரும்.
முழங்காலுக்குப் படிப்பு ஏறுவதில்லை.

பளபளப்புத் தாளில் அறிக்கை வந்தது.
நடுப்பக்கத்தில் சீசாவில் ஒரு சிறுமி,
உயரப் போன பக்கம்.

அந்தச் சாயங்காலம்
பஸ் என் நிறுத்தத்தில் நின்றது,
நான் இறங்கவில்லை.
ஏழாம் எண் வாசலில், கையில் காசோடு.
உள்ளே ஒருத்தி, உருளைக்கிழங்குப் பையோடு,
கதவைக் காலால் தடுத்துக்கொண்டு:
"வருகிறாயா? இடமிருக்கிறது."

இறங்குங்கள் என்றேன்.
"யார் நீ?"
சொன்னேன். எங்கே வேலை என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
பையை என்னிடம் கொடுத்தாள்.

படி.
இரண்டாம் மாடியில் பல்பு இல்லை.
மூன்றில் யாரோ மீன் பொரிக்கிறார்கள்.
நான்கில் அவள் மூச்சு
ரம்பம் போல் போய் வந்தது.
பையின் வார் என் விரல்களை அறுத்தது,
ஒரு மூட்டைக்கே.

ஐந்தில் உட்கார்ந்துவிட்டாள்.
நானும் ஒரு படி கீழே.
எந்தப் பக்கம், எத்தனையாவது வரி,
எவ்வளவு, எங்கிருந்து எங்கே,
யார் விரல்:
எல்லாம் சொன்னேன்.

லமாரா பதில் பேசவில்லை.
பையிலிருந்து ரொட்டி சுற்றிய காகிதத்தை உருவி
முழங்காலில் வைத்து நீவினாள்.
பேனா கேட்டாள்.